புகலிடம் செல்லும் வழி: தெல்தோட்டை மலைப்பாதைகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பேராதனையிற் கலஹா சந்தியிலே தொடங்கிப் பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்து, ஹிந்தகலையைக் கடந்து, நிலம்பைச் சரிவுகளின் வழியே கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் ஏறிச் செல்லும் வீதியை நம்மவர் அறியாதாரில்லை. எனினும் அது எங்கே போய்ச் சேருகின்றது என்று வினவினால், தெல்தோட்டை என்பதற்கு மேல் விடை கூறுவோர் மிகச் சிலரேயாவர். தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துர, ஹேவாஹெட்ட ஆகிய தோட்டப் பகுதிகளின் பாதைகளோடு இவ்வழி இணைகின்றது. மலைமுதுகைத் தாண்டினால் மறுபுறத்தே ஹங்குராங்கெத்தை. அதற்கும் கீழே மகாவலி கங்கையின் பள்ளத்தாக்கு. அப்பள்ளத்தாக்கிலேதான் 1987ஆம் ஆண்டிற் பிரகடனப்படுத்தப்பட்ட விக்டோரியா–ரந்தெனிகல–ரந்தம்பே சரணாலயம், ஏறத்தாழ 42,000 ஹெக்டேயர் பரப்பிற் பரந்து கிடக்கின்றது.

வனவிலங்குகளின் புகலிடமாக அரசு இப்பள்ளத்தாக்கைக் குறித்தமை அண்மைக்கால நிகழ்ச்சி. ஆயின் புகலிடம் என்ற பெயருக்கு இந்நிலம் உரியதாகி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றது. முன்னர் இங்கு அடைக்கலம் புகுந்தோர் மன்னர். அவ்வடைக்கலம் நிலைத்தது வழி மறைந்திருந்த வரையிலேயே. வழி திறக்கப்பட்டதும் மன்னரும் இல்லை, காடும் இல்லை, யானையும் இல்லை என்றாயிற்று. அவ்வழியை மறைத்தோர் யாவர், திறந்தோர் யாவர், திறந்த கைகளுக்குக் கிடைத்தது யாது என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

கண்டி இராச்சியத்தின் பாதைகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலக் கைதியினுடையது. 1660இற் சிறைப்பட்டு, 1679இல் தப்பியோடி, 1681இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்டவன் அவன். நாட்டிலே பாதைகள் பல உண்டெனினும் அகன்ற பாதை ஒன்றேனும் இல்லை என்றும், அவற்றை அகலப்படுத்த மன்னன் இசைவதில்லை என்றும் அவன் எழுதுகின்றான். ஒருவர்பின் ஒருவராகவே நடக்கவேண்டிய ஒற்றையடிப் பாதைகள் அவை. கணவாய்களிலும் ஊர் எல்லைகளிலும் முள்ளாலான கதவுகள் இருந்தன. அவற்றிற்குக் காவலர் இருந்தனர். கடந்து செல்வோர் அரண்மனையிற் பெற்ற களிமண் முத்திரையைக் காட்டவேண்டும். அம்முத்திரைகளும் ஒரே வகையின அல்ல. போர்வீரனுக்கு ஈட்டி தாங்கிய மனித உருவம். கூலியாளுக்குக் காவடித் தண்டின் இருமுனையிலும் மூட்டை தொங்கச் சுமக்கும் உருவம். வெள்ளையனுக்கு இடையில் வாளும் கையில் துவக்கும் கொண்ட உருவம். எழுத்தறியாத காவலனும் ஏமாறாதபடி, வருபவன் யார் என்பதைக் களிமண்ணே கூறிவிடும். இன்று தேசிய வனம் ஒன்றினுள் நுழைய நாம் பெறும் அனுமதிச் சீட்டிலும் இது செம்மையான ஏற்பாடு எனத் தோன்றுகின்றது.

நொக்ஸ் விவரிக்கும் 1664ஆம் ஆண்டுக் கிளர்ச்சி நமது பாதையோடு நேரே தொடர்புடையது. அவ்வாண்டின் இறுதியில் இரண்டாம் இராசசிங்கன் நிலம்பை அரண்மனையிலே தங்கியிருந்தான். அம்பன்வெல ராலையின் தலைமையில் நள்ளிரவிலே கிளர்ச்சிக்காரர் அரண்மனையைச் சூழ்ந்தனர். மன்னன் சில துணைவரோடு மலைக்குள் ஓடினான். காடு அடர்ந்து வழியற்றுக் கிடந்தமையால், யானையை முன்னே செலுத்திப் புதர்களை மிதிப்பித்து வழி செய்துகொண்டு சென்றதாக நொக்ஸ் கூறுகின்றான். கிளர்ச்சி சில நாட்களிற் சிதைந்து போயிற்று. ஆயினும் மன்னன் நிலம்பைக்கு மீளவில்லை. ஹங்குராங்கெத்தையிலேயே தன் இருப்பிடத்தை அமைத்துக்கொண்டான். நிலப்படத்தை விரித்து நோக்குவோர்க்கு, நிலம்பைக்கும் ஹங்குராங்கெத்தைக்கும் இடையே குறுக்கிட்டு நிற்பது இன்றைய தெல்தோட்டை, ஹேவாஹெட்ட மலைத்தொடரே என்பது விளங்கும்.

கண்டி மன்னர் பாதைகளை வெட்டாது விட்டமையை நாகரிகக் குறைவின் அடையாளமாகக் காட்டுதல் ஆங்கிலேய ஆசிரியர் பலரின் வழக்கம். நம் பாடநூல்களிலும் அதன் எதிரொலி உண்டு. இக்கருத்து ஏற்புடையதன்று. அநுராதபுரக் காலந்தொட்டுப் பெருங்குளங்களையும் கால்வாய்களையும் அமைத்த நாட்டினருக்குப் பத்தடி அகலப் பாதையொன்றை வெட்டுதல் இயலாத செயலா? முதலிற் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் கரையோரத்தைப் பிடித்திருந்த காலத்தில், பாதையின்மையே கண்டியின் கோட்டை மதிலாயிற்று. அதனால் வழியை மறைத்தல் அரசியற் கொள்கையாகவே இருந்தது. இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை ‘தஹன்சிக் கெலே’ எனப்பட்ட தடைசெய்யப்பட்ட காடுகளாகும். மரம் வெட்டுதல், சேனை செய்தல் ஆகியன அங்கு விலக்கப்பட்டிருந்தன. கண்டி நகரின் அரண்மனைக்குப் பின்னுள்ள உடவத்தைக்கெலே அரச வனமாகப் பேணப்பட்டது. யானையைக் கொல்லுதல் பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. விலங்குகளின் மீது கொண்ட கருணை மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறுதல் மிகையாகும். காடு மன்னனின் அரண். யானை மன்னனின் உடைமை. மன்னனைக் காத்த ஏற்பாடு மரையையும் சிறுத்தையையும் சேர்த்தே காத்தது.

இவ்வரணின் வலிமை 1803இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரியிற் பிரித்தானியப் படைகள் கண்டி நகருட் புகுந்தபோது நகரம் வெறுமையாய்க் கிடந்தது. நாயக்கர் மரபில் வந்த ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் ஹங்குராங்கெத்தைக்குப் பின்வாங்கியிருந்தான். மன்னன் இருக்குமிடம் இதுவெனப் பிலிமத்தலாவை அதிகாரம் தெரிவித்ததை நம்பி, மார்ச்சு மாதம் இரு படைப் பிரிவுகள் இருவேறு வழிகளால் அங்கு அனுப்பப்பட்டன. வழி நெடுகிலும் மறைவிலிருந்து துவக்குச் சூடு. வருந்திச் சென்று சேர்ந்தபோது அரண்மனை இருந்தது; மன்னன் இல்லை. வந்த வழியே மீளுதலன்றிப் படைத்தலைவர்க்கு வேறு வழியிருக்கவில்லை. சூன் மாதத்தில் மேஜர் டேவியின் காவற்படை மகாவலிக் கரையிலே அழிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1815இல் கண்டி வீழ்ந்தமைக்குப் பீரங்கியிலும் பிரதானிகளின் பிளவே பெருங்காரணம். உள்ளிருந்தோரே வழி காட்டினர். மன்னன் துும்பறைப் பகுதியிற் பிடிபட்டு, பின்னர் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். 1817–18ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கியபோது ஹங்குராங்கெத்தை அரண்மனையும் அழிக்கப்பட்டது. அதன் இடிபாடுகளைக் கொண்டே அங்குள்ள பொத்குல் விகாரை கட்டப்பட்டது.

கிளர்ச்சியிலிருந்து பிரித்தானியர் கற்ற பாடம், பாதையின்றி மலைநாட்டை ஆளமுடியாது என்பதே. தேசாதிபதி எட்வேட் பான்ஸ் 1820களிற் கொழும்பு–கண்டி வீதியை முதன்மைப் பணியாக மேற்கொண்டார். இராசகாரிய முறையாற் பெறப்பட்ட கட்டாய உழைப்பு இதற்குப் பயன்பட்டது. பதினைந்து வயதளவிற் படையிற் சேர்ந்த தோமஸ் ஸ்கின்னர் 1820இல் வீதிப் பணிக்கு வந்து, 1867 வரை இந்நாட்டின் வீதிகளோடேயே வாழ்ந்தவர். மலைநாட்டை அளந்து நிலப்படமாக்கும் பணியிலும் அவருடைய பங்கு பெரிது. அடர்காட்டிலே அளவையாளர்க்கு வழிகாட்டியவை யானைத் தடங்கள். மலைமுதுகின் போக்கையும் சரிவின் இளக்கத்தையும் ஆற்றின் ஆழங்குறைந்த துறையையும் யானை தவறாது கண்டுகொள்கின்றது என்பதைக் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் வியந்துரைக்கின்றார். தேர்ந்த பொறியியலாளனின் மதிநுட்பத்தை அவர் அதிற் காண்கின்றார்.

அதே நூலிலேதான் வேறு கணக்கும் காணப்படுகின்றது. யானைகளைக் கொல்வோர்க்கு அரசு பரிசு வழங்கிவந்தது. 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுகளுக்குக் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்கும், தென் மாகாணத்தில் 1851க்கும் 1856க்கும் இடையில் 2,000 யானைகளுக்கும் பரிசு கொடுக்கப்பட்டதாக ரெனன்ட் தெரிவிக்கின்றார். பதுளையில் உத்தியோகம் வகித்த மேஜர் றொஜேர்ஸ் என்பவர் தனியொருவராகவே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். யானையின் மதிநுட்பத்தைப் புகழ்ந்த ஆட்சியே அதன் உயிருக்கு விலையும் வைத்தது. இவ்விரண்டையும் ஒரே நூலில் எழுதியவருக்கு இடையில் முரண் எதுவும் தோன்றவில்லை என்பது நமக்கு வியப்பாக இருக்கலாம்; அவர் காலத்தவர்க்கு அவ்வாறு இருந்ததில்லை.

பாதையைத் தொடர்ந்து கோப்பி வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் முடிக்குரியன எனக் கொண்டது. தஹன்சிக் கெலேயும் கிராமத்தார் சேனை செய்த புறநிலமும் ஒரே பெயரேட்டினுட் சென்றன. தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங். 1844இல் இருபது சிலிங். வாங்கியோரில் அரசாங்க உத்தியோகத்தரும் படையினரும் பலர் இருந்தனர். ஹேவாஹெட்ட, தெல்தோட்டை, கலஹா மலைச்சரிவுகள் இக்காலப் பகுதியிலேதான் கோப்பித் தோட்டங்களாயின.

காடு அழிக்கப்பட்ட முறையைச் சற்று விரித்துரைத்தல் தகும். சரிவின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டி நிற்கவிட்டு மேலேறுவர். உச்சியை அடைந்ததும் அங்குள்ள பெருமரங்களை முற்றாக வெட்டிச் சாய்ப்பர். அவை கீழுள்ளவற்றின்மீது விழ, அவை அடுத்தவற்றை வீழ்த்த, சில நிமிடங்களில் மலைச்சரிவு முழுவதும் பேரிரைச்சலோடு சாய்ந்துவிடும். சில வாரம் வெயிலில் உலரவிட்டுத் தீ மூட்டுவர். காடழிக்கும் இவ்வேலையைப் பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களின் சிங்களவரே ஒப்பந்த முறையிற் செய்தனர். அதன்பின் குழி வெட்டவும் கன்று நாட்டவும் பழம் பறிக்கவும் தோட்டப் பாதைகளை அமைக்கவும் வந்தவர்கள் தமிழர்.

அவர்கள் வந்த வழியும் காட்டுவழியே. மன்னாரிலும் அரிப்புக் கரையிலும் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தனர். நொக்ஸ் 1679இல் மல்வத்து ஓயாவைப் பின்பற்றித் தப்பிச் சென்றடைந்ததும் இதே அரிப்புக் கோட்டையைத்தான். அவன் விடுதலை தேடி வடக்கே சென்ற காட்டினூடாக, இரு நூற்றாண்டு கழியுமுன் இவர்கள் பிழைப்புத் தேடித் தெற்கே வந்தனர். அவனுக்கு அவ்வழியை எழுதிவைக்க வாய்த்தது. இவர்களுட் கொள்ளைநோயாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோரின் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. தமிழும் இம்மலைகளுக்கு ஏறி வந்து வேரூன்றிற்று என்பதை ஈண்டு நினைவுகூரலாம். அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் 1866இற் பிறந்தது தெல்தோட்டைப் போப்பிட்டியிலேயாம்.

லூல்கந்துரவுக்குச் செல்லும் இன்றைய பயணிகளிற் பெரும்பாலோர் நாடிச் செல்வது ஜேம்ஸ் டெய்லரின் நினைவிடங்களை. 1852இல் இலங்கைக்கு வந்த இவ்விளைஞர் 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நாட்டினார். இந்நாட்டின் வணிகத் தேயிலைச் செய்கை அவ்வயலிலிருந்தே தொடங்கியது. நாற்பதாண்டு அத்தோட்டத்தை விட்டு நீங்காது உழைத்து 1892இல் அங்கேயே இறந்தார். அவருடைய உடலைத் தொழிலாளர் இரு குழுவினராகப் பிரிந்து, தோள் மாற்றித் தோள் மாற்றி மலைப்பாதை வழியே கண்டி மஹையாவை இடுகாடு வரை சுமந்து சென்றனர் என்பர். டெய்லரின் கல்லறை இன்றும் உண்டு. அவருடைய குடிலிருந்த இடமும் காட்டப்படுகின்றது. சுமந்தவர் எந்த லயத்தில் இருந்தனர் என்று காட்டுவாரில்லை. டெய்லரின் பெருமையை இது குறைப்பதன்று. பாதையின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்குச் சான்று எப்பக்கம் குவிந்து கிடக்கின்றது என்பதை மட்டுமே இது காட்டுகின்றது.

1869இற் கோப்பி இலைநோய் தோன்றியது. அடுத்த இருபதாண்டுக்குள் கோப்பி அழிந்து தேயிலை பரந்தது. இதற்கிடையே காடழிவு ஆட்சியாளரையும் அஞ்சச் செய்தது. தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரையை அடுத்து, 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. நீரூற்று வற்றிவிடுமென்ற அச்சமே இதற்குக் காரணமாகும். 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. நிறுவியோர் பெரும்பாலும் வேட்டைக்காரர். சுடுவதற்கு விலங்கு மிஞ்சாது போய்விடுமே என்று கவன்றவர்கள், கிராமத்தான் தன் வயிற்றுக்காக வேட்டையாடுவதைக் குற்றமாகவும், தாம் பொழுதுபோக்காக வேட்டையாடுவதை உரிமையாகவும் கொண்டனர். எவ்வாறாயினும் அவர்தம் முயற்சியின் தொடர்ச்சியாகவே 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1938இல் உடவத்தைக்கெலே சரணாலயமாயிற்று. மன்னனின் தடைசெய்யப்பட்ட காடு, தேசாதிபதியின் மனைவி பெயரால் அமைந்த ‘லேடி ஹோட்டன்’ நடைபாதையோடு, மீண்டும் காக்கப்பட்ட காடாயிற்று.

விலங்குகளுக்கு வதிவுரிமை வழங்கிய இச்சட்டத்திற்குப் பதினோராண்டின் பின், 1948இல், குடியுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. மலைப்பாதைகளை வெட்டியோரின் பேரப்பிள்ளைகள் அதனால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதெனவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதெனவும் பகுத்தது; எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். குடும்பங்கள் பிரிந்து தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்தை மலையக மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். இந்தியாவிற் சேர்ந்தோரிற் பலருக்கு வேலை கொடுக்கவென நீலகிரியிலே 1968இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. கூடலூர்ப் பகுதியில் அவற்றிற்கு அண்மையில் உள்ளது 1940இல் அமைக்கப்பட்ட முதுமலைச் சரணாலயம். அங்கும் காடு வெட்டித் தேயிலை நாட்டும் வேலையே அவர்களுக்கு வாய்த்தது. அங்கும் யானையின் வழியிலேயே அவர்களுக்கு வீடு அமைந்தது. இங்கே ‘இந்தியத் தமிழர்’ எனப்பட்டோர் அங்கே ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். இலங்கையில் எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை சட்டத்தால் நீங்கியது 2003இலேதான்.

இனி, பள்ளத்தாக்கிற்கு மீள்வோம். துரித மகாவலித் திட்டத்தின்கீழ் 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை கட்டப்பட்டு 1985இற் திறந்துவைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரும் பல கிராமங்களும் வயல்களும் நீருள் மறைந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கீழ்நிலக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. நீர்த்தேக்கத்துள் மண் சரிந்து நிரம்பாதிருக்கக் கரைச்சரிவுகளிற் காடு வேண்டும். 1987ஆம் ஆண்டின் சரணாலயப் பிரகடனத்திற்கு இத்தேவையே முதற்காரணம். மன்னனின் அரணாகக் காடு நின்ற காலத்தில் விலங்குகள் பிழைத்தன. மின்னாக்கத்தின் அரணாகக் காடு நிற்கும் இக்காலத்திலும் பிழைக்கின்றன. விலங்குகளுக்காகவே விலங்குகள் காக்கப்பட்ட காலம் இப்பள்ளத்தாக்கின் வரலாற்றில் இதுவரை இல்லை எனலாம். சட்ட நோக்கிலே சரணாலயம் தேசிய வனத்தினின்று வேறுபட்டது என்பதும் அறியத்தக்கது. தேசிய வனத்துள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். சரணாலயத்துள் தனியார் காணிகளும் குடியிருப்புகளும் இருத்தல் கூடும். வழியில் முட்கதவு இல்லை. களிமண் முத்திரை கேட்பாரும் இல்லை.

அங்கு செல்ல விரும்புவோர் கண்டியிலிருந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியாக ஹங்குராங்கெத்தையை அடைதலே எளிது. தெல்தோட்டை வழி சுற்றுவழி, வளைவுகள் மிகுந்தது, மழைக்காலத்தில் மண்சரிவும் உண்டு. ஆயினும் 1664இல் மன்னன் கடந்த மலையையும், கோப்பி எரித்த சரிவையும், டெய்லரின் பாடை சென்ற வழியையும் காண விழைவோர் அவ்வழியே ஏறவேண்டும். ஹங்குராங்கெத்தையின் கீழே நிலம் வறண்டு, தேயிலை மறைந்து, புல்லும் முட்புதரும் தொடங்குகின்றன. ரந்தெனிகலைக்கும் ரந்தம்பேக்கும் இடைப்பட்ட வீதியிலே மாலை வேளையில் யானைகள் குறுக்கிடுவதுண்டு. அப்போது பேருந்துகள் ஓரமாக நின்று காத்திருக்கின்றன. யானை தாரைக் கடந்து மறுபுறத்துச் சரிவிலே தன் தடத்தைப் பற்றி நீருக்கு இறங்குகின்றது.